கோகலேயின் அவைத்தொண்டு

போர்க்களத்தில் அஞ்சாதவரும் அவைக்களத்தில் அஞ்சுதல் உண்டு. அதனை உணர்ந்தே வள்ளுவர் அவையஞ்சாமைக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார். தோல்வி உறுதி என்று தெரிந்த பின்னும், அவையில் எழுந்து நின்று மக்களுக்காக வாதாடுவதற்கோ அதனினும் பெரிய உள்ளத்திண்மை வேண்டும். அத்தகைய திண்மை வாய்க்கப் பெற்றவர் கோபால கிருஷ்ண கோகலே.

மகாராட்டிர நாட்டின் இரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள கோத்லுக் என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் கோகலே பிறந்தார். அவர் சிறுவராய் இருந்தபொழுதே தந்தையார் இறந்தார். தமையனார் கோவிந்தர் தம் படிப்பை விடுத்து வேலைக்குச் சென்றார். திங்கள்தோறும் பெற்ற 15 ரூபாய் ஊதியத்தில் 8 ரூபாயைத் தம்பியின் கல்விக்கு அனுப்பினார். அப்பணத்தின் அருமையை அறிந்த கோகலே ஊன்றிப் பயின்றார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பொருள் மிகுதியாக ஈட்டும் தொழில்களை அவர் நாடவில்லை. பூனா நகரில் ஆசிரியராக அமர்ந்து, குறைந்த ஊதியத்தில் பெர்குசன் கல்லூரியில் பணியாற்றினார்.

பூனாவில் நீதிபதி ரானடே அவருக்கு ஆசானாக வாய்த்தார். அரசாங்க அறிக்கைகளைப் பொறுமையோடு படித்தல், கணக்குகளைச் சரிபார்த்தல், ஆராய்ந்த பின்னரே எழுதுதல் ஆகிய பழக்கங்களை அவரிடமே கோகலே கற்றார். இப்பயிற்சிக்கு இடையே ஒரு வழுக்கலும் நேர்ந்தது. 1897இல் கோகலே இங்கிலாந்து சென்றிருந்தார். பூனாவில் கொள்ளைநோய்த் தடுப்பில் ஈடுபட்ட படைவீரர்கள் மக்களுக்குக் கொடுமை இழைத்தனர் எனத் தமக்கு வந்த கடிதங்களை நம்பி, அவர் அங்கே செய்தி வெளியிட்டார். தாயகம் திரும்பியபின் அதனை மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. உடனே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதனால் பலருடைய பழிச்சொல்லுக்கும் ஆளானார். சான்றில்லாத ஒரு சொல்லையும் அவையில் சொல்லலாகாது என்னும் உறுதி அவர் வாழ்வில் பின்னர் விளங்கிற்று.

பம்பாய்ச் சட்டசபையில் பணியாற்றிய கோகலே, இந்தியா முழுமைக்கும் உரிய இம்பீரியல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபை கல்கத்தாவில் கூடியது. அரசப் பிரதிநிதியே அதற்குத் தலைவர். உறுப்பினருள் பெரும்பாலோர் அரசாங்க அதிகாரிகள். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை பேசலாம். அதனை மாற்றவோ, அதன்மேல் வாக்களிக்கவோ முடியாது. எனவே, இந்திய உறுப்பினருக்கு அங்கே எஞ்சிய படைக்கலம் சொல் ஒன்றே.

1902ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் கோகலே அச்சபையில் முதன்முறையாக வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு அரசாங்கத்திற்கு 7 கோடி ரூபாய்க்குமேல் மிச்சம் இருந்தது. பிறர் அதனைப் புகழ்ந்தனர். கோகலே புகழவில்லை. பஞ்சத்தாலும் நோயாலும் நாடு நலிந்திருக்கும்பொழுது கருவூலத்தில் பணம் மிகுதல் செழிப்பின் அடையாளம் ஆகாது. தேவைக்குமேல் வரி வாங்கப்படுவதையே அது காட்டுகிறது என்று புள்ளிவிவரங்களால் நிலைநாட்டினார். குறிப்பாக, உப்பு வரியைக் குறைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். செல்வர் விருந்துக்கும் ஏழையின் கூழுக்கும் உப்பு ஒன்றே அன்றோ? அப்பொழுது ஒரு மணங்கு உப்புக்கு 2 ரூபாய் 8 அணா வரி இருந்தது. அது 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் 1 ரூபாய் 8 அணாவாகவும், 1907இல் 1 ரூபாயாகவும் குறைந்தது. ஆண்டுதோறும் சலியாது வாதாடிய கோகலேக்கும் அதில் பங்குண்டு.

கடல் கடந்து உழைத்த எளியோரையும் அவர் மறக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிற்குச் சென்றவருள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர் பலர். அங்கே அவர்கள் கரும்புத் தோட்டங்களில் துன்புற்றனர். நேட்டாலுக்கு இனி ஆள் திரட்டுதல் கூடாது என்று 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோகலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் அதனை ஏற்றது. 1911ஆம் ஆண்டு சூலை முதல் அவ்வாள்திரட்டு நின்றது. ஒப்பந்தக் கூலி முறையை அடியோடு ஒழிக்குமாறு 1912இல் அவர் கொண்டுவந்த தீர்மானமோ தோற்றது. ஆயினும் 1917இல் அம்முறைக்கும் ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது.

கோகலேயின் உள்ளத்தை முழுதும் கவர்ந்தது கல்வியே. தமையனார் அனுப்பிய பணத்தால் கற்ற அவர், அனுப்புவார் இல்லாத கோடிச் சிறுவரை எண்ணினார். அமெரிக்க மக்களில் நூற்றுக்கு 21 பேர் தொடக்கப் பள்ளியில் பயின்ற காலத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் நூற்றுக்கு 2 பேர் கூடப் பயிலவில்லை. பரோடா மன்னர் தம் நாட்டில் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தியிருந்தார். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டிய கோகலே, 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைச் சபையில் கொண்டுவந்தார்.

அம்மசோதா பெரிதும் அடக்கமானது. அரசாங்க இசைவு பெற்ற நகராட்சிகளும் மாவட்டக் கழகங்களும் தத்தம் எல்லைக்குள், 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவருக்குக் கல்வியைக் கட்டாயம் ஆக்கலாம். சிறுமியருக்குப் பின்னர் விரிவாக்கலாம். வறியவர் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இவ்வளவே அவர் கேட்டவை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு 18, 19ஆம் நாள்களில் விவாதம் நடந்தது. காலம் கனியவில்லை என்றனர் சிலர். செலவு மிகும் என்றனர் சிலர். இந்திய உறுப்பினருள்ளும் எதிர்த்தவர் இருந்தனர். கோகலே ஒவ்வொரு தடைக்கும் அமைதியாக விடையிறுத்தார். முடிவில் மசோதாவிற்கு ஆதரவாக 13 வாக்குகளும், எதிராக 38 வாக்குகளும் விழுந்தன.

முடிவை அவர் முன்னரே அறிந்திருந்தார், ஆதலின் வெகுளவும் இல்லை, சோர்வடையவும் இல்லை. தம் காலத்தவர் தோல்விகளாலேயே நாட்டிற்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்றும், அத்தோல்விகளின்மேல் பின்வருவோர் வெற்றியைக் கட்டுவர் என்றும் அவர் நம்பினார்.

1915ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், தம் 48ஆம் வயதில் கோகலே மறைந்தார். காந்தியடிகள் அவரைத் தம் அரசியல் குருவாகப் போற்றினார். கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப்பின் ஏற்றவர், வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் ஆவார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. பம்பாய் மாகாணம் 1918இலும், சென்னை மாகாணம் 1920இலும் தொடக்கக் கல்விச் சட்டங்களை இயற்றின. 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தாச் சபையில் மசோதா வீழ்ந்து அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று புத்தகப் பையுடன் பள்ளிக்குள் நுழையும் ஏழைச் சிறுமி கோகலேயின் பெயரை அறியாதிருக்கலாம். ஆயினும், அன்று தோற்ற அந்த 13 வாக்குகளும் அவளுக்காகவே அளிக்கப்பட்டவை.