கடலாமைகளின் வக்கீல் ஆர்ச்சி கார்

ஒரு ஜந்து ஒரு தேசத்தின் மணலில் பிறந்து, வேறொரு தேசத்தின் கடலில் மேய்ந்து, எவருக்கும் சொந்தமில்லாத நடுச் சமுத்திரத்தில் பிரயாணம் செய்யுமானால், அதைக் கொல்லும் உரிமை யாருக்கு? காக்கும் பொறுப்பு யாருடையது? ராஜீயவாதிகள் எழுப்பியிருக்க வேண்டிய இக்கேள்வியை உலகத்தின் முன் வைத்தவர் ஓர் உபாத்தியாயர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் புளோரிடா சர்வகலாசாலையில் ஜீவ சாஸ்திரம் போதித்த டாக்டர் ஆர்ச்சி காரைப் பற்றியே சொல்லுகிறோம்.

அவர் 1909-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி அலபாமா மாகாணத்தின் துறைமுகப் பட்டணமாகிய மொபீலில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். 1937-ல் டாக்டர் பட்டம் பெற்றார்; அதே வருஷம் மார்ஜரி ஹாரிஸ் என்ற பெண்மணியை மணந்தார். அவ்வம்மையாரும் ஜீவ சாஸ்திரம் கற்றவர். புளோரிடாவைக் குறுக்கே வெட்டிச் செல்லவிருந்த கால்வாய்த் திட்டத்தை எதிர்த்து அவர் நடத்திய போராட்டத்தின் பயனாக, ஜனாதிபதி நிக்ஸன் 1971-ல் அவ்வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். அவர் சரிதம் தனியே எழுதத் தக்கது.

1945 முதல் 1949 வரை கார் ஹாண்டுராஸ் நாட்டில் ஒரு விவசாயக் கலாசாலையில் ஆசிரியராயிருந்தார். பிறகு 1952-ல் ஆமைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அந்நூலை எழுதும்போதுதான் கடலாமைகளைப் பற்றிச் சாஸ்திரம் எவ்வளவு அற்பமாக அறிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியவந்தது. நம் மன்னார்க் கடலோரத்தார் பேராமை என்று அழைக்கும் பச்சையாமை எங்கே போகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடுகிறது, அதன் குஞ்சுகள் எங்கே வளருகின்றன என்பன போன்ற வினாக்களுக்குப் புஸ்தகங்களில் விடை இல்லை. ஆனால் செம்படவர்களிடம் விடை இருந்தது. கேமன் தீவு மாலுமிகள் ஒரு கதை சொல்லுவார்கள்: நிகராகுவாக் கடலில் பிடித்து, ஓட்டில் அடையாளம் பொறித்து, புளோரிடாவின் கீ வெஸ்ட் துறைக்குக் கொண்டுபோன ஆமைகள் புயலில் தப்பி, மறுபடியும் பழைய இடத்திலேயே அகப்பட்டனவாம். படித்தவர் பலர் இதைக் கட்டுக்கதையென்று ஒதுக்கியிருப்பர். கார் ஒதுக்கவில்லை. வலை வீசுகிறவனின் சொல்லையும் பரீக்ஷித்துப் பார்க்க வேண்டிய சாக்ஷியமாக மதித்தார். அவரிடத்தில் நாம் முதலில் வியப்பது இதையே.

பரீக்ஷைக்கு அவர் தேர்ந்த இடம் கோஸ்டா ரிக்கா தேசத்தின் டோர்ட்டுகேரோ. சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள கரிய மணற்கரை அது. அக்காலத்தில் அக்கரையை மைல் மைலாகப் பிரித்து ஆட்களுக்குக் குத்தகை விட்டிருந்தார்கள். முட்டையிட வந்த தாய் ஆமையை மல்லாக்கப் புரட்டி, கப்பல் வரும்வரை அப்படியே போட்டுவைப்பார்கள். கரை ஏறிய பெண் ஆமை கடலுக்குத் திரும்புவது அரிதாயிற்று.

1955-ல் கார் அங்கே ஆமைகளுக்குத் தகடு பூட்டத் தொடங்கினார். முதலில் ஓட்டின் விளிம்பில் கம்பியால் கட்டிய தகடுகள் உதிர்ந்துபோயின. பின்னர் மாட்டின் காதுக்கு மாட்டும் உலோகத் தகட்டை முன் துடுப்பில் பூட்டினார், அது நின்றது. தகட்டில் ஓர் எண்ணும், திருப்பி அனுப்புவோருக்கு வெகுமதி உண்டென்ற அறிவிப்பும் இருந்தன.

தகடுகள் திரும்பி வந்தன. எப்படி வந்தன என்பதை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தூரக் கடலில் எவனோ ஆமையைக் குத்திக் கொன்று, அதன் துடுப்பிலிருந்து தகட்டைக் கழற்றினால்தான் அது தபாலில் வரும். ஒவ்வொரு புதிய உண்மைக்கும் ஓர் ஆமையின் உயிர் விலை. பெரும்பாலான தகடுகள் வந்தது நிகராகுவாவின் மிஸ்கிட்டோக் கடலிலிருந்து. உயிரோடு தப்பியவை இரண்டு அல்லது மூன்று வருஷம் கழித்து அதே டோர்ட்டுகேரோக் கரைக்கே முட்டையிட வந்தன. வேறு கரையை நாடவில்லை. மாலுமிகளின் கதைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. கூடவே ஒரு கசப்பான முடிவும் புலப்பட்டது: கோஸ்டா ரிக்கா மட்டும் காத்துப் பயனில்லை. 1960-களின் இறுதியில் நிகராகுவாக் கரையில் அந்நியக் கம்பெனிகள் ஆமை இறைச்சிச் சாலைகள் திறந்தன. தன் குடும்பத்துக்கும் உறவினருக்குமாக வேட்டையாடிய மிஸ்கிட்டோ இந்தியன் கூலிக்காக வேட்டையாடலானான். ஆமையோடு அவன் அடுப்பும் காலியாயிற்று. அந்நாடு சர்வதேச வியாபார ஒப்பந்தத்தில் சேர்ந்து 1977-ல் ஏற்றுமதி நின்றபின்னரே அச்சாலைகள் மூடப்பட்டன.

1956-ல் கார் எழுதிய பிரயாண நூலைப் படித்த சிலர் ஒரு சங்கம் கூட்டினார்கள். அது 1959-ல் நிலையான ஸ்தாபனமாயிற்று. டோர்ட்டுகேரோவைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டம் 1975-ல் நிறைவேறியது.

அவர் செய்ததெல்லாம் பலித்ததென்று சொல்லமாட்டோம். அமெரிக்கக் கடற்படை விமானங்களில் குஞ்சுகளை ஏற்றிக் கரீபியன் கரைகளில் விட்டார். அதனால் புதிய ஆமைக் கரை எதுவும் உண்டானதாகத் தெரியவில்லை. ஆமைப் பண்ணை வைத்தால் கடலாமை பிழைக்குமென்று முதலில் நம்பினார். பண்ணைச் சரக்கு வாங்குவோரின் ருசியை வளர்த்துக் காட்டாமைக்கே எமனாகுமென்று கண்டதும் அக்கருத்தைக் கைவிட்டார். பிழையென்று கண்டதைப் பிடித்துத் தொங்காத இக்குணம் ராஜீயத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

கடலில் இறங்கிய குஞ்சு கண்ணில் படாமல் மறையும் காலத்தைக் காணாமற்போன வருஷம் என்று அவர் குறிப்பிட்டார். அந்த ரகசியத்தை முப்பது வருஷம் தேடினார். நீரோட்டங்கள் கூடும் வரிசைகளில் மிதக்கும் பாசித் திரளே குஞ்சுகளின் தொட்டில் என்று இறுதிக் காலத்தில் நிலைநாட்டினார். அதே வரிசைகளில் கப்பல் தார் உருண்டைகளும் பிளாஸ்டிக் குப்பையும் சேருவதைக் கண்டு எச்சரித்தார்.

1987-ம் வருஷம் மே 21-ந் தேதி புளோரிடாவில் மிக்கனோப்பி கிராமத்தில் தம் இல்லத்தில் காலமானார். 1991-ல் புளோரிடாவின் கீழ்க் கரையில் அவர் பெயரால் ஓர் ஆமைச் சரணாலயம் ஏற்பட்டது. 2025-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பேராமையை அழியும் பிராணிகளின் வகுப்பிலிருந்து நீக்கியது. மெக்ஸிக்கோ வளைகுடாவின் கெம்ப் ஆமைக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. டோர்ட்டுகேரோவிலோ, ஆமைக்காலம் வந்தால் இரவுதோறும் கையில் தகடுகளோடு கரிய மணலில் ஆட்கள் நடக்கிறார்கள். 1955-ல் தொடங்கிய வேலை முடியவில்லை.