யானைக்குச் சடை போர்த்திய சேலத்துக்காரர்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிச் சேலம் போகிறவர்களுக்கு, கல்வராயன் மலை வலது கைப்பக்கமாகக் கூடவே வரும். சின்னசேலம் தாண்டினாலும் விடாது. ஆத்தூர் வரை வரும். அந்த மலையில் ஒரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்னொரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையில் கரடி உண்டு. தேன் உண்டு. கடுக்காய் உண்டு. உடம்பெல்லாம் சடை தொங்கும் ராட்சத யானை மட்டும் கிடையாது.

அப்படிப்பட்ட யானையை உலகத்துக்குக் காட்டியவர் சேலத்துப் படமுதலாளி ஒருவர். காட்டிய ஆண்டு 1952. அவர்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம்.

மில்லுக்குப் படித்தவர்

சுந்தரம் 1907-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி திருச்செங்கோட்டில் பிறந்தார். தகப்பனார் பெயர் ராமலிங்கம். ஜவுளித் தொழிலில் இருந்த, வசதியான குடும்பம். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் சுந்தரம் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற நகரத்தில் ஜவுளித் தொழில் படித்தார். லீட்ஸ், கம்பளித் துணிக்குப் பேர் போன ஊர். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கம்பளி வருகிறது!) அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டார்.

ஊர் திரும்பியவர் மில் கட்டவில்லை. சினிமாவில் இறங்கினார். அப்போது தமிழ்ப் படம் எடுக்கவேண்டும் என்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகவேண்டும். நடிகர், நடிகை, பாட்டுக்காரர், வாத்தியக்காரர் என்று ஒரு கூட்டமே மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறும். சுந்தரமும் முதலில் வேலாயுதம் பிள்ளை என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சில படங்கள் எடுத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். ஊரை விட்டு ஊர் போய்ப் படம் எடுப்பதைவிட, ஸ்டூடியோவையே ஊருக்குக் கொண்டு வந்துவிடலாமே!

சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. முதல் படம் "சதி அகல்யா". 1937-ல் வெளிவந்தது.

மில்லை நடத்துவது போலவே அவர் ஸ்டூடியோவை நடத்தினார். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். எழுத்தாளர்களுக்கும் மாதச் சம்பளம். குறித்த நேரத்தில் வேலை தொடங்கவேண்டும். படம் பிடிக்கும் கூடம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் இடம் எல்லாம் ஒரே மதிலுக்குள். முதலாளி கண்டிப்பானவர். பெரிய நடிகர்களும் அவரிடம் அடங்கித்தான் நடந்தார்கள்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938) அங்கேதான் தயாரானது. பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட "உத்தம புத்திரன்" (1940), மு. கருணாநிதி வசனம் எழுதி எம். ஜி. ஆர். நடித்த "மந்திரி குமாரி" (1950) ஆகியவையும் அங்கே எடுத்தவைதாம்.

அமெரிக்கர் வந்தார்கள்

"மந்திரி குமாரி"யில் டைரக்டராக வேலை பார்த்த எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். எம். ஜி. ஆரின் முதல் படமான "சதி லீலாவதி"யை எடுத்தவர் அவரே. அவருக்கும் பங்குண்டு என்ற நிலையில், அமெரிக்கப் படக் கம்பெனி ஒன்று சேலத்தோடு கை கோத்தது. கம்பெனி முதலாளி ராபர்ட் லிப்பர்ட். குறைந்த செலவில், குறைந்த நாளில் படத்தை முடிப்பதில் கெட்டிக்காரர். டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்ற ஹாலிவுட் நடிகர்கள் நம் நாட்டுக்கு வந்து நடித்தார்கள். நம் எம். என். நம்பியாருக்கும் ஒரு வேஷம். ஆங்கிலத்தில் படத்தின் பெயர் "தி ஜங்கிள்". தமிழில் "காடு". கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காவில் அதற்குப் பழுப்புச் சாயம் ஏற்றித் திரையிட்டார்கள்.

கதை இதுதான். காட்டு யானைகள் திடீரென்று மிரண்டு கிராமங்களை அழிக்கின்றன. ஏன் மிரண்டன? காட்டுக்குள் போன ஒரு கூட்டத்தில் வேட்டைக்காரன் ஒருவன் மட்டுமே உயிரோடு திரும்புகிறான். இளவரசியின் அண்ணன் அந்தக் கூட்டத்தில் போய் மாண்டுவிட்டான். அழிந்துபோன ஆதிகாலத்து யானைகளைக் கண்டதாக வேட்டைக்காரன் சொல்கிறான். இளவரசி நம்பவில்லை. நேரில் பார்க்க அவளே புறப்படுகிறாள். மேலே சொன்னால் படம் பார்ப்பவர்களுக்குச் சுவை போய்விடும்.

அந்த ஆதிகாலத்து யானைக்கு மாமத் என்று பெயர். குளிர் நாட்டு மிருகம். பனியைத் தாங்க, உடம்பு முழுதும் நீண்ட ரோமம். கடைசி மாமத்துகள் வடக்கே ஒரு பனித் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு மடிந்தன. அது எப்படி நம் வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உலாவும்? படம் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை!

படத்துக்கு நிஜ யானைகளையே கொண்டு வந்து, சடைபோல் ரோமம் தொங்கும் போர்வையைப் போர்த்திவிட்டார்கள். லீட்ஸில் ஜவுளி படித்தவரின் படத்தில் யானை கம்பளி உடுத்திக்கொண்டது.

அந்தக் காலத்தில் ராட்சத மிருகங்களைக் காட்டப் பல வழிகள் இருந்தன. 1933-ல் வந்த "கிங்காங்"கில் சின்னப் பொம்மையை அணு அணுவாக நகர்த்திப் படம் பிடித்தார்கள். 1954-ல் ஜப்பான்காரர்கள் எடுத்த "காட்ஜில்லா"வில் ரப்பர் உடைக்குள் ஆளைப் புகுத்தினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வந்த சேலத்துப் படத்தில், போர்வைக்குள் இருந்தது உயிருள்ள யானை.

பயமாக இருக்கிறதா என்று கேட்டால், உண்மையைச் சொல்லவேண்டும். பயம் அதிகம் இல்லை. மாமத் வருவதே படம் முடியப்போகும் சமயத்தில்தான். அதுவரை காட்டில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். வந்த பிறகும் எனக்கு என்னவோ கோயில் யானை ஞாபகம்தான் வந்தது. ஆனாலும், மாமத் வருவதற்கு முன்னால் காட்டு யானைகள் கூட்டமாக ஓடும் காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கடைசிப் பத்தாண்டு

"காடு" பெரிய பேர் வாங்கவில்லை. சுந்தரம் சோர்ந்து உட்காரவும் இல்லை. அடுத்த துணிச்சல் கலர்! 1956-ல் எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த "அலிபாபாவும் 40 திருடர்களும்" வந்தது. தமிழில் முழுதும் வண்ணத்தில் வந்த முதல் படம் அது. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான "கண்டம் பெச்ச கோட்டு" படத்தையும் அவரே எடுத்தார்.

1963-ம் ஆண்டு ஏப்ரலில், வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வரும் "கலை அரசி" வெளியானது. அது வேறு கம்பெனியின் படம். அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி சுந்தரம் காலமானார். வயது 56. பிறகு மகன் ராமசுந்தரம் கம்பெனியை நடத்தினார். எல்லாம் சேர்த்து நூறு படங்களுக்கு மேல் அங்கே தயாராயின.

இப்போது அங்கே ஸ்டூடியோ இல்லை. ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரோடு வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. மலைக்குப் போகிற பஸ்கள் அதைக் கடந்து போகின்றன.