எல்லை தாண்டிய பாட்டு

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வரும் தோழர்களே! ஓசூர் தாண்டினால் வேறு ஆட்சி. எல்லையின் பொருள் உங்களுக்குத் தெரியும். பாரதியாருக்கும் தெரிந்தது. 1908-ல் ‘இந்தியா’ ஏட்டின் மீது வழக்குப் பாய்ந்தது. பெயரளவு ஆசிரியர் சிறை சென்றார். எழுதியவர் பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவைக்குப் போனார். ஓடினார் என்று ஏசுவோர் உண்டு. ஏடு அங்கிருந்து மீண்டும் வெளிவந்ததே!

ஆட்சியின் பாதுகாப்புக்குப் பாட்டே பகையாம்! 1910-ல் ஏட்டுக்குத் தடை. வாசலில் ஒற்றர், வீட்டில் வறுமை. பாவேந்தர் அவருக்கு மாணவரானது அங்கேதான். 1918 நவம்பரில் எல்லை கடந்தார், கடலூரில் கைது. 1921-ல் மறைந்தார்.

அவரது வேதப் பற்றில் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. மாண்டவரைக் கண்டும் அஞ்சினார்களே, அதைத்தான் சொல்கிறோம். 1928-ல் பர்மா அரசு தடைபோட, சென்னையில் அவர் நூல்களைப் போலீசார் அள்ளிச் சென்றனர். 1949-ல் சென்னை அரசே அந்தப் பாடல்களின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது.