ஆடுகளத்து ஆசான் ஹாரி க்ரோ பக்

நாட்டுக்குத் தொண்டு செய்தோருள் அரசியல் மேடையிலே நின்றோரை உலகம் எளிதில் மறப்பதில்லை. நூல் எழுதிப் புகழ் பெற்றோரையும் மறப்பதில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கால்களுக்கும் கைகளுக்கும் கல்வி கற்பித்தவரை நினைப்பார் மிகச் சிலரே. நம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் கைப்பந்தும் கூடைப்பந்தும் ஆடுகின்றோம். அவ்வாட்டங்கள் யாருடைய முயற்சியால் இத்தென்னாட்டில் வேரூன்றின என்று நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அம்முயற்சியில் தலைநின்றவர்களுள் ஒருவரும், இருபத்து நான்கு ஆண்டுகள் சென்னையிலே உழைத்து அங்கேயே உயிர் நீத்தவருமாகிய ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கப் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரின் பண்டைச் சிறப்பை உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே விரித்துப் பாடியுள்ளார். அந்நகரத்துப் பரதவ இளைஞர் மணற்பரப்பிலே முதிய மரத்தின் கீழ்க் கூடி, ஒருவரோடொருவர் கைகலந்தும் படைக்கலம் ஏந்தியும் தம் வலிமையைச் சோதித்து விளையாடினர் என்று அந்நூலால் அறிகின்றோம். பல தேயத்தினின்றும் புலம் பெயர்ந்து வந்த வேற்று மொழியாளர் அந்நகரிலே கலந்து இனிது வாழ்ந்தனர் என்றும் அந்நூலே கூறுகின்றது. ஆதலின் விளையாட்டு நம் நாட்டுக்குப் புதியதன்று. கடல் கடந்து வந்தோரை உறவாக ஏற்றலும் புதியதன்று. பக் அவர்களின் வாழ்க்கையிலே இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தன.

பிறப்பும் பயிற்சியும்

ஹாரி க்ரோ பக் 1884-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்சில்வேனியா மாகாணத்திலே பிறந்தார். தேகப் பயிற்சியையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளத் துணிந்து, ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கல்லூரியிலே கற்றார். அக்கல்லூரியின் பெருமை சிறிது கூறத்தக்கது. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கென்று, பழக்கூடைகளை மேல்மாடத்து விளிம்பில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தது அங்கேதான். நான்கு ஆண்டுகள் கழித்து, அக்கல்லூரியில் கற்ற வில்லியம் மார்கன், அயலூராகிய ஹோலியோக்கிலே கைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். ஆட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, மாணவரின் தேவை கண்டு ஆசிரியர் அமைத்துக் கொடுப்பது என்னும் எண்ணம் அக்கல்லூரியின் காற்றிலே கலந்திருந்தது. பக் அவர்கள் அவ்வெண்ணத்தைச் சுமந்துகொண்டே நம் நாட்டை அடைந்தார்.

அவருக்கு முன்னரே, 1908-இல், அதே சங்கத்தின் சார்பாக டாக்டர் ஜே. எச். கிரே என்பார் கல்கத்தாவுக்கு வந்து பணி தொடங்கியிருந்தார். ஆயினும் நகரத்துச் சங்கக் கட்டடங்களில் சில வாலிபர்க்குப் பயிற்சி அளித்தால் போதுமா? பள்ளிகளில் உள்ள இலட்சக்கணக்கான பிள்ளைகளை யார் சென்றடைவது? இக்கேள்விக்கு விடையாகவே 1919-இல் பக் அவர்கள் தம் மனைவியார் மேரி பக் அம்மையாருடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து நிலைமை

அக்காலத்துப் பள்ளிகளில் தேகப் பயிற்சி எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தாலன்றி அவர் செய்த தொண்டின் அருமை விளங்காது. பட்டாளத்தினின்றும் விலகிய முதியவர் ஒருவரைக் குறைந்த சம்பளத்திற்கு அமர்த்தி அவருக்கு ‘டிரில் மாஸ்டர்’ என்று பெயரிடுவது வழக்கம். மாணவர் வரிசையாக நின்று அவர் இட்ட கட்டளைக்குக் கையை உயர்த்துவர், தாழ்த்துவர். பின்பு வகுப்புக்குத் திரும்புவர். ஏனைய ஆசிரியர்கள் அவரைத் தமக்கு நிகராக மதிப்பதில்லை. குற்றம் செய்த பிள்ளைகளை ஓடவைத்துத் தண்டிப்பதற்கே அவர் பயன்பட்ட இடங்களும் உண்டு. விளையாட்டு என்பதோ நன்றாக ஆடும் பதினொருவர்க்கு உரியதாயிற்று. மற்ற மாணவர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினர். படிப்புக்கு விளையாட்டு பகை என்னும் எண்ணம் பெற்றோரிடத்தில் வேரோடியிருந்தது.

பக் அவர்கள் நோயின் மூலத்தைக் கண்டார். ஆசிரியர் தக்கவராயினன்றிப் பயிற்சி தக்கதாகாது. டிரில் மாஸ்டரைத் திருத்துவதனால் பயனில்லை. மொழியும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியரைப் போலவே உடலமைப்பும் உளநூலும் கற்று, பயிற்றுமுறை அறிந்து, தேர்ச்சி பெற்ற ஒரு புதிய ஆசிரிய வகுப்பையே படைத்தல் வேண்டும் என்று துணிந்தார்.

கல்லூரியின் தோற்றம்

1920-இல் சென்னையிலே தேகப் பயிற்சிப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். முதலில் வந்து சேர்ந்த மாணவர் ஐவரே. இந்நாட்டில் இத்துறை ஆசிரியர்க்கென்று எழுந்த முதற் கல்லூரி இவ்வாறு ஐந்து பேருடன் உதித்தது என்பதை எண்ணும்போது, ஆலம் விதையின் சிறுமை நினைவுக்கு வருகின்றது. அவ்வைவரும் வேலை பெறுவார்களோ, பள்ளிகள் அவர்களை ஏற்குமோ என்னும் உறுதி எவர்க்கும் இல்லை. பயிற்சி பெற்றவர்க்கு மதிப்பு உண்டாக வேண்டுமாயின் அரசாங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் வேண்டுமாயின் பயிற்சியின் பயன் பள்ளிகளில் கண்கூடாகத் தெரிதல் வேண்டும். இவ்விரு முனைகளிலும் அவர் ஒருங்கே உழைத்தார். நாளடைவில் சென்னை அரசாங்கத்தார்க்குத் தேகப் பயிற்சி பற்றி ஆலோசனை கூறும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

பின்னர் 1930-களின் தொடக்கத்தில், சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையை அடுத்துப் பரந்த நிலத்திலே கல்லூரி நிலைபெற்றது. இன்று நந்தனம் என வழங்கும் அவ்விடத்தில், மாநகரத்தின் நெருக்கத்திற்கு நடுவே, மரநிழலும் ஆடுகளங்களும் சூழ அக்கல்லூரி விளங்குகின்றது. 2020-இல் அது நூறாண்டு நிறைவெய்தியது. ஆண்களுக்கே என்றிருந்த பயிற்சி 1940-இல் மகளிர்க்கும் உரியதாயிற்று. அதிலே மேரி பக் அம்மையார்க்கு இருந்த பங்கு பெரிது. பெண்பிள்ளைகள் தெருவில் ஓடினாலே கண்டித்த காலத்தில், பெண்மணிகள் விளையாட்டாசிரியைகளாகப் பயில்வதற்கு வழி திறந்தது சிறு செயலன்று.

விதிநூலும் சடுகுடுவும்

பக் அவர்களின் செயல்களுள் ஆரவாரமின்றிப் பெரும்பயன் விளைத்தது ஒன்று உண்டு. விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலே அது. அது பல பதிப்புக்கள் கண்டது. ‘வியாயாம்’ என்னும் பெயரால் தேகப் பயிற்சிக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

விதிநூல் என்றால் சிறியதொரு காரியமாகத் தோன்றலாம். நம் சோழ நாட்டு வழக்கத்தை நினைத்துப் பார்ப்போம். தை மாதத்தில் சம்பா அறுவடையாகி, வயல் காய்ந்து கிடக்கும். காவிரியில் நீர் வற்றி வெண்மணல் விரிந்து கிடக்கும். அதுவே நம் ஊர்களில் சடுகுடுக் காலம். காலால் கோடு கிழித்தால் களம் ஆயிற்று. பந்தும் வேண்டா, மட்டையும் வேண்டா, ஒரு மூச்சே கருவி. ஆனால் ஓர் ஊரில் ஒரு விதி, அடுத்த ஊரில் வேறு விதி. தொட்டவன் வெளியேறுவதா, வெளியேறியவன் மீள்வதா, களம் எத்துணை அகலம் என்பன ஊர்தோறும் மாறும். ஒரூரார் தமக்குள் ஆடுங்கால் இதனால் இடர் இல்லை. இரண்டூரார் எதிர்த்து ஆடினாலோ ஆட்டம் வழக்காக முடியும். எல்லார்க்கும் பொதுவான விதி ஏற்பட்டாலன்றி ஓர் ஆட்டம் தன் ஊரெல்லையைத் தாண்ட இயலாது. விதி என்பது ஆட்டத்திற்கு விலங்கன்று. அஃது ஆட்டத்தின் கடவுச்சீட்டு.

மேனாட்டு ஆட்டங்களைக் கொணர்ந்தவர் நம் நாட்டு ஆட்டங்களை இகழ்ந்தாரில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சடுகுடு முதலிய நாட்டு விளையாட்டுக்களும், தண்டால், பஸ்கி முதலிய பயிற்சிகளும் அவருடைய பாடத்திட்டத்திலே இடம் பெற்றன. பிற்காலத்தில் யோகாசனங்களும் சேர்ந்தன. அந்நாளிலே சுதேசிய உணர்ச்சி மிகுந்திருந்தது. மகாராஷ்டிரத்திலும் விதர்ப்பத்திலும் நாட்டுப் பயிற்சிக் கழகங்கள் தாமே முயன்று நம் ஆட்டங்களுக்கு விதிகள் வகுத்தன. அவற்றுள் 1914-இல் அமராவதியில் எழுந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலி, 1936-இல் பெர்லின் நகரத்து ஒலிம்பிக் விழாவின்போது சடுகுடுவை உலகத்தார்க்கு ஆடிக் காட்டியது. அயல்நாட்டார் கொணர்ந்த ஆட்டத்தால் நம் பிள்ளைகள் தம் பழமையை மறப்பார்களோ என்னும் ஐயம் தேசபக்தர் சிலர்க்கு இருந்தது. அவ்வையம் காரணமற்றதும் அன்று. பக் அவர்கள் அதற்குச் சொல்லால் விடை பகராது, இருவகை ஆட்டங்களையும் ஒரே களத்தில் ஆடவைத்து விடை தந்தார். அன்று காலால் கிழித்த கோட்டுக்குள் அடங்கிய சடுகுடு, 1990-இல் பீகிங் நகரத்து ஆசிய விளையாட்டு விழாவிலே கபடி என்னும் பெயரால் பதக்க ஆட்டமாயிற்று.

அமெரிக்க ஆட்டங்களுள்ளும் எவை இங்கு விரைவில் வேர்கொண்டன என்பது நோக்கத்தக்கது. சிகாகோவில் 1887-இல் தோன்றிய ஸாப்ட்பால் போன்றவற்றுக்குக் கையுறையும் மட்டையும் வேண்டும். கைப்பந்துக்கோ இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். பன்னிருவர் ஒரே காலத்தில் ஆடலாம். ஏழை நாட்டிற்கு ஏற்ற ஆட்டம் அதுவே. தஞ்சை நாட்டுக் கிராமங்களிலே தென்னந்தோப்பின் நடுவிலும் கோயில் திடலின் ஓரத்திலும் இன்றும் மாலையில் கட்டப்படும் வலை, பக் அவர்களும் அவருடைய மாணாக்கரும் அவர்போன்ற பிறரும் விதைத்த விதையின் விளைவாம்.

பாரிஸ் நகரத்திலே

1924-இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடந்தது. அதற்கு முன்னதாக டில்லியிலே அகில இந்தியப் போட்டி நடத்தி வீரர்களைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைப் பயிற்றி அழைத்துச் செல்லும் பொறுப்பு பக் அவர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. தடையோட்டத்தில் ஓடிய சி. கே. லக்ஷ்மணன், நீளத் தாண்டுதலில் கலந்துகொண்ட தலீப் சிங் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும் பக் அவர்கள் அதனைத் தோல்வியாகக் கொண்டு சோர்ந்தாரில்லை. ஒருசிலர் கப்பலேறிச் சென்று ஓடிவருவதனால் நாடு ஓடக் கற்காது. மாகாணந்தோறும் அமைப்பு வேண்டும், அங்கே போட்டி வேண்டும், அதற்கும் கீழே பள்ளிகளில் பயிற்சி வேண்டும் என்பது தெளிவாயிற்று. அதன்பின் டாக்டர் ஏ. ஜி. நோரன் என்பாருடன் நாட்டைச் சுற்றி மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் எழுவதற்கு உழைத்தார். அவற்றின் பயனாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது. ஸர் தோராப்ஜி டாட்டா தலைவராகவும், நோரன் காரியதரிசியாகவும் அமர்ந்தனர்.

மறைவும் நிலைபேறும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பக் அவர்கள் சென்னையிலே காலமானார். இந்தியா விடுதலை பெற்றதையோ, 1948-இல் சுதந்தர இந்தியாவின் ஹாக்கிக் குழு லண்டனில் தங்கப்பதக்கம் வென்றதையோ, 1951-இல் டில்லியிலே முதல் ஆசிய விளையாட்டு விழா நடந்ததையோ அவர் கண்டிலர். ஆனால் அவர் நிறுவிய கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வெளிவந்த ஆசிரியர்கள் இந்நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றனர். உழவன் விதைத்துவிட்டு மறைந்தாலும் விதை முளைக்காதிருப்பதில்லை.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? தேர்வு நெருங்குங்கால் விளையாட்டு நேரத்தைக் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் ஒழியவில்லை. பதினொருவர் ஆட, மற்றவர் பார்த்து நிற்கும் வழக்கமும் ஒழியவில்லை. வெற்றிக் கிண்ணங்களை எண்ணி ஒரு கல்லூரியின் பெருமையை அளக்கின்றோமேயன்றி, அக்கல்லூரியில் ஒரு கிண்ணமும் பெறாத எத்தனை மாணவர் நாள்தோறும் வியர்வை சிந்தி ஆடினர் என்று எண்ணுவோமில்லை. ஐந்து மாணவரோடு தொடங்கிய அவ்வாசான் எதிர்த்து நின்றது இவற்றையே. அப்போர் முடியவில்லை; அதனை முடித்து வைக்கும் கடமை நம்முடையது.

ஆசிரியராக விரும்பும் மாணவர் இதனைச் சிறப்பாகக் கருதுவாராக. தாம் நன்றாக ஆடுவது ஒரு திறம். தம்மைவிடக் குறைந்தவனையும் களத்துள் இறக்கி ஆடவைப்பது அதனினும் பெரிய திறம். அத்திறத்திற்கே ஹாரி க்ரோ பக் தம் வாழ்நாளை ஈந்தார். அவர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு, மாலை மணி அடித்ததும் கோட்டுக்கு வெளியே நிற்பதை விட்டு உள்ளே இறங்குவதே.