பிறந்த நாள் தெரியாத பெரியவர்

அமெரிக்காவில் மேரிலாந்து என்று ஒரு மாநிலம். அங்கே ஓர் அடிமைப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பிரடரிக். பிற்காலத்தில் உலகம் போற்றிய பிரடரிக் டக்ளஸ் அவர்தான்.

எந்த நாளில் பிறந்தோம் என்பது அவருக்கே தெரியாது. அடிமைகளுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

தாயார் வேறொரு பண்ணையில் இருந்தார். பகலெல்லாம் வயலில் பாடுபடுவார். இரவில் 12 மைல் நடந்து வந்து மகனைத் தூங்க வைப்பார். விடிவதற்குள் திரும்பி விடுவார். மகனுக்குச் சுமார் 7 வயதானபோது அந்தத் தாய் இறந்து போனார்.

ரொட்டிக்குப் பாடம்

சிறுவனைப் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். எஜமானி அம்மாள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எஜமானர் தடுத்து விட்டார். படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவருடைய பயம்.

விடுதலைக்கு வழி படிப்புதான் என்று சிறுவன் அன்றே புரிந்துகொண்டான்.

தெருவில் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்தான். பதிலுக்குப் பாடம் கேட்டான். கப்பல் பட்டறையில் மரங்களின் மேல் போட்டிருந்த அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான்.

மாலுமி வேடம்

1838 செப்டம்பர் 3-ந் தேதி அவர் மாலுமி வேடத்தில் ரெயில் ஏறினார். கையில், சுதந்திர மாலுமி ஒருவரிடம் இரவல் வாங்கிய சான்றுத்தாள். அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தவே இல்லை! கண்டக்டர் உற்றுப் படித்திருந்தால் பிடிபட்டிருப்பார். கண்டக்டரோ தாளின் மேல் இருந்த கழுகுச் சின்னத்தைப் பார்த்துவிட்டுப் போய் விட்டார்.

24 மணி நேரத்துக்குள் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே அன்னா என்ற பெண்ணை மணந்தார்.

ஆபத்தான புத்தகம்

அடிமை முறையை எதிர்த்து மேடைகளில் பேசினார். இவ்வளவு அழகாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருப்பாரா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

1845-ல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தன. சந்தேகம் தீர்ந்தது, ஆபத்து வந்தது. எஜமானர் அவரைப் பிடித்துப் போகலாம் அல்லவா? அவர் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனார்.

அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி, 1846-ல் சுமார் 711 டாலர் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார்கள்.

1847-ல் நாடு திரும்பிப் பத்திரிகை தொடங்கினார். 1863-ல் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்துக் கறுப்புப் போர்வீரர்களுக்குச் சம ஊதியம் கேட்டார்.

தீயும் கணக்குப் புத்தகமும்

1872-ல் அவருடைய வீடு தீப்பற்றியது. அவர் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைத் தொகுப்புகள் சாம்பலாயின. மனம் தளராமல் மீண்டும் எழுதினார், காகிதங்களைச் சேர்த்தார். மிஞ்சிய கடிதங்களும் சொற்பொழிவுகளும் இன்று வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் அவற்றைப் பார்க்கலாம். வரலாற்று ஆசிரியர்கள் அவர் கையெழுத்தையே மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்த முடிகிறது.

தம் வயதை மட்டும் அவர் கடைசி வரை தேடிக்கொண்டே இருந்தார். 1895 பிப்ரவரி 20-ந் தேதி காலமானார்.

பதில் வேறோர் இடத்தில் இருந்தது. அவருடைய முதல் எஜமானர் ஆரன் அந்தோணி ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். தம் சொத்துகளோடு அடிமைக் குழந்தைகளையும் அதில் எழுதி வைத்தார். ஹாரியட்டின் மகன் பிரடரிக் 1818 பிப்ரவரியில் பிறந்ததாக அதில் ஒரு வரி இருக்கிறது.

மாதம் உண்டு, ஆண்டு உண்டு. தேதி மட்டும் இல்லை. 12 மைல் நடந்து வந்த அந்தத் தாய்க்கு அது தெரிந்திருக்கலாம்.