நீருக்குக் கணக்கெழுதிய நங்கை

கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்புக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர் பெருமான். நீரை அவ்வளவு உயரத்தில் வைத்துப் போற்றிய இனம் நம் இனம். ஆயினும், குவளையிலுள்ள நீர் தெளிந்திருந்தால் அதுவே நல்ல நீர் என்று நம்பிப் பருகிவிடுவது இன்றும் நம் வழக்கமாக இருக்கின்றது. தெளிந்த நீரிலும் தீங்கு கரைந்திருக்கும். அதனைக் கண்ணால் காண இயலாது, கணக்கால் காணலாம். இவ்வுண்மையை ஊர் ஊராக மெய்ப்பித்துக் காட்டிய ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சங்கத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்.

அமெரிக்க மாது ஒருவரின் வரலாறு எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் கட்சால் தீவில் பிறந்தவள். நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த அத்தீவை நண்பர்களுள் பலர் தேசப்படத்திலும் கண்டிருக்க மாட்டார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். பால் வெட்டிப் பிழைத்த அக்குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. நிலநடுக்கத்தால் நிக்கோபாரின் கரைகளே தாழ்ந்தன. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேலிருந்த எங்கள் தீவின் மக்கள்தொகை 2011-இல் மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. பிழைத்தவர்களுக்குத் துயரத்தோடு தாகமும் சேர்ந்தது. கரையோரக் கிணறுகளில் கடல் புகுந்திருந்தது. இவற்றையெல்லாம் வீட்டார் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். இரசாயனம் கற்க வந்த இடத்தில் எல்லன் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது, அது அயலார் கதையாக எனக்குப் படவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில், 1842 டிசம்பர் 3-இல் அவர் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். செல்வம் இல்லாத வீடு. தந்தையின் கடையில் நின்றும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், பிறர் வீடுகளில் வேலை செய்தும் காசு சேர்த்தார். 1868-இல், இருபத்தைந்தாம் வயதில், வாஸர் மகளிர் கல்லூரியில் சேர்ந்து, 1870-இல் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் தட்டிய கதவு, பாஸ்டன் நகரில் அன்று இருந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கதவு. அதுவரை பெண் எவரும் அதனுள் மாணவியாக நுழைந்ததில்லை. கழகம் அவரைத் தனி மாணவியாகச் சேர்த்துக்கொண்டது, கட்டணமும் வாங்கவில்லை. தம் ஏழ்மைக்கு இரங்கியே அவ்வாறு செய்தனர் என்று அவர் எண்ணியிருந்தார். எவரேனும் எதிர்த்துக் கேட்டால் இவர் எங்கள் மாணவியே அல்லர் என்று சொல்லித் தப்புவதற்காகவே கட்டணம் வாங்கவில்லை என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. 1873-இல் இரசாயனத்தில் பட்டம் பெற்று, மேலும் ஆய்வு செய்தும், அங்கே டாக்டர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை.

அவர் மனம் கசந்து ஒதுங்கினாரில்லை. சுரங்கவியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை 1875-இல் மணந்தார். மறு ஆண்டே, பெண்கள் இரசாயனம் பயில்வதற்கென்று அக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கச் செய்தார். பின்னர்ப் பெண்களையும் ஏனைய மாணவரோடு சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கியதால், 1883-இல் அந்தத் தனிக்கூடம் தேவையற்றுப் போயிற்று. தாம் எழுப்பிய கூடம் மூடப்பட்டதே அவருடைய வெற்றி! 1884-இல் சுகாதார இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். இறுதி வரை அப்பணியிலேயே இருந்தார்.

அவர் வாழ்வின் பெரும்பணி 1887-இல் தொடங்கிற்று. தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகி, ஆறுகள் சாக்கடையாகிக்கொண்டிருந்த காலம் அது. மாநிலத்தின் குடிநீர் முழுவதையும் சோதித்துப் பார்க்கச் சுகாதார வாரியம் முடிவு செய்தது. பேராசிரியர் தாமஸ் டிரவுன் தலைமை ஏற்க, ஆய்வுக்கூடத்தை நடத்தும் பொறுப்பு எல்லன் அம்மையாரிடம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று கணக்கெழுதப்பட்டது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மிகுந்திருந்தால் கழிவு அண்மையில் கலந்தது என்று கொள்ளலாம். நைட்ரேட் மட்டும் மிகுந்திருந்தால் அது பழங்கழிவு.

இக்கணக்கிலிருந்து பிறந்ததே இயல்புக் குளோரின் வரைபடம். கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து மழையோடு நிலத்தில் இறக்குகிறது. ஆகவே கரையோர நீரில் உப்பு மிகுதி. உள்நாட்டுக்குச் செல்லச் செல்ல அது குறையும். ஒரே அளவு உப்புள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், ஒவ்வோர் ஊரின் நீருக்கும் இயற்கை இட்ட உப்பு இவ்வளவு என்பது புலனாகும். அதற்கு மேல் இருக்குமாயின், அது மனிதர் இட்டது. நாம் உண்ணும் உப்பு சிறுநீரில் வெளியேறிக் கிணற்றையோ ஆற்றையோ சேர்கின்றது அல்லவா? ஆக, உப்பே கழிவைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாயிற்று.

நோயைக் கண்டபின் மருந்து வேண்டுமே! அதே 1887-இல் லாரன்ஸ் நகரில் வாரியம் ஓர் ஆய்வு நிலையம் நிறுவிற்று. மணற்படுகையின் வழியே கழிவுநீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், மணலில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் துணையால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதை அங்கே நிறுவினர். 1893-இல் அந்நகரின் குடிநீருக்கு மணல் வடிகட்டி அமைந்தபின், விஷக்காய்ச்சலால் நேர்ந்த சாவுகள் பெரிதும் குறைந்தன. அவ்வடிகட்டியை அமைத்தவர்கள் வேறு பொறியாளர்கள். எனினும், நீரைச் சோதிக்கும் கலையை எல்லன் அம்மையாரிடம் கற்ற மாணவர்கள் பல நகரங்களின் நீர்ப்பணிகளுக்குப் பரவினர். 1911 மார்ச் 30-இல் அம்மையார் மறைந்தார்.

நண்பர்களே, அவர் விட்டுச் சென்ற பாடம் நமக்கும் உரியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டதைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அளவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் வகுத்துத் தந்தது. 2013-இல் ஒகேனக்கல் திட்டம் அம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னே நடந்தது என்ன? யாரோ ஒருவர் நீரை அளந்தார்.

எங்கள் கட்சாலுக்கு வருகிறேன். சிறு தீவின் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கின்றது. உப்பேறிய கிணற்றை வேகமாக இறைத்தால், கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அளவோடு இறைத்து மழைக்குக் காத்திருக்க வேண்டும், கூரை நீரைச் சேமிக்க வேண்டும். எங்கள் கிணற்றில் உப்பு இருப்பதொன்றே குற்றமாகாது. கடல் அருகில் இருக்கின்றது. எது கடல் தந்த உப்பு, எது கழிவு தந்த உப்பு என்று அறிய எங்களுக்கென்று ஓர் இயல்பு அளவு வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிணற்றுக்கும் மாதந்தோறும் கணக்கு வேண்டும். நாவின் சுவை அந்தக் கணக்கைத் தராது.

குளோரைடை அளக்க வெள்ளி நைட்ரேட்டும் ஒரு பியூரெட்டும் போதும். முதலாண்டு மாணவரும் செய்யக்கூடிய சோதனை. வரும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்கிறேன். கிணற்றின் இடம், நாள், மழை, உப்பின் அளவு ஆகிய நான்கையும் எழுதத் தொடங்குவேன். நீங்களும் உங்கள் ஊர்க் கிணறு ஒன்றிலிருந்தேனும் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு மலரில் நம் கணக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.