பாட்டால் தோட்டத்துக்குள் நுழைந்த மீனாட்சியம்மை

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் இவ்வேளையில், அந்த நூறாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையில் மேடையேறிப் பாடிய ஒரு பெண்மணியை நினைவுகூர்வது பொருத்தமாகும். அவர் மீனாட்சியம்மை. மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் என்றே பலர் அவரை அறிவர். பாட்டுக் கட்டியவராகவும், அதைத் தாமே பாடியவராகவும், நூலாக்கி எமக்கு விட்டுச் சென்றவராகவும் அவரை அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குக் கண்டி என்பது நகரம் மட்டுமன்று. கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன் என மலைநாடு முழுவதுமே அவர்களுக்குக் கண்டிச் சீமைதான். அங்கே ஒவ்வொரு தோட்டமும் தனி உலகம். துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே கால்வைக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்த நடேசய்யர், லயங்களின் நிலையை நேரில் காண்பதற்குப் புடவை வியாபாரியாக வேடமிட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

நடேசய்யர் 1920களில் கொழும்பில் தேசபக்தன் பத்திரிகையை நடத்தியபோது மீனாட்சியம்மையும் அப்பணியில் பங்குகொண்டு, பெண்களின் நிலை பற்றி எழுதினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கப்பட்டபின் அட்டன் அவர்களது களமாயிற்று. 1936 இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

கணவர் துண்டுப் பிரசுரங்களாலும் பேச்சாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்ப முயன்றார். ஆனால் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை இல்லை. பேச்சோ கூட்டம் கலைந்ததும் பாதி மறந்துவிடும். இந்த இடத்திலேதான் அம்மையாரின் பாட்டு உதவிக்கு வந்தது. கூட்டங்களில் அவர் பாரதியார் பாடல்களைப் பாடினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த காலம் அது.

பின்னர் அவர் தாமே பாட்டுக் கட்டினார். புதிய மெட்டு எதையும் அவர் தேடவில்லை. மக்களின் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் அன்றைய செய்தியை வைத்தார். இதை எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. சட்டம், சம்பளம், வாக்குரிமை போன்ற வறண்ட விடயங்களைத் தாளத்துக்குள் அடக்கவேண்டும். படிக்காதவருக்கும் ஒரே கேட்பில் விளங்கவேண்டும். பலர் சேர்ந்து பாட இடந்தரவேண்டும். மெட்டு முன்பே தெரிந்திருந்தால் கேட்பவர் சொல்லை மட்டும் மனத்தில் வாங்கினால் போதும். கூட்டத்தில் கேட்ட பாட்டு மாலையில் லயத்துக்குப் போகும். மறுநாள் காலை பிரட்டுக்களத்துக்கும் கொழுந்து மலைக்கும் போகும். வெளியாரை மறித்த தோட்டக் காவலால், தொழிலாளியின் நாவில் ஏறிவந்த பாட்டை மறிக்க முடியவில்லை.

1939 ஆம் ஆண்டு இந்நாட்டு இந்தியருக்குச் சோதனைக் காலமாயிற்று. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை வேலையிலிருந்து நீக்க இலங்கை அரசு முடிவு செய்தது. ஜவஹர்லால் நேரு நேரில் வந்து பேசியும் அது மாறவில்லை. ஆகஸ்ட் முதல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. 1940 ஜனவரியில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார்.

அந்த 1940 ஆம் ஆண்டிலேதான் அம்மையாரின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற நூலாக வெளிவந்தன. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை போலிருக்கும். உள்ளே இருப்பவை பாடல்கள். உழைத்து வளமாக்கிய நாட்டிலேயே அந்நியராக்கப்படும் மக்களின் வேதனையையும், ஒன்றுபட்டு உரிமைக்குப் போராடவேண்டிய அவசியத்தையும் அவர் பாடினார். அந்த அச்சுப் பிரதியே அவரது குரலின் பதிவாக நிலைத்தது. மேடையோடு காற்றில் கலந்துவிடாமல் அவர் பாட்டை நூலாக்கியதாலேயே, மலையக இலக்கிய வரலாற்றில் இன்று அவருக்கு ஓர் இடம் இருக்கிறது.

1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டு நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அம்மையார் எதை எச்சரித்துப் பாடினாரோ அதுவே நடந்தது. பாட்டு அதனைத் தடுக்கவில்லை. எனினும் தம் உழைப்பின் பெறுமதியையும் தம் உரிமையையும் ஒரு தலைமுறை அறிந்துகொள்ளப் பாட்டு உதவியது.

எழுத்தறிவு எமக்குப் பள்ளி தந்த வரம். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அறிந்த பாட்டிமார் எம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மெட்டின் பெயரோடும், பாடியவர் பெயரோடும், ஊரோடும் அவற்றை எழுதிவைப்போம். கைபேசியிலாவது குரலைப் பதிந்துவைப்போம். மீனாட்சியம்மைக்கு மலைநாட்டுப் பெண்கள் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.